‘ஊகம்’ என்னும் சொல்: கெடா மாநிலத் தோட்டத் தமிழர் வாழ்வில் அதன் பொருளும் வழக்கும்

முன்னுரை

மலேசியத் தமிழ்ப்பள்ளிகளின் அறிவியல் பாடத்தில் ‘ஊகித்தல்’ என்பது மாணவர் பெறவேண்டிய திறன்களுள் ஒன்று. உற்றறிதல், வகைப்படுத்துதல், அளவெடுத்தல் ஆகியவற்றோடு அதுவும் வைத்து எண்ணப்படுகிறது. கண்டவற்றை அடிப்படையாகக் கொண்டு காணாத ஒன்றைக் காரணத்தோடு உரைப்பதே அங்கு ஊகித்தல். அடிப்படை காட்டாமல் விடை எழுதும் மாணவனுக்கு மதிப்பெண் இல்லை. இதே சொல் நாளிதழின் வணிகப் பக்கத்தில் ‘ஊக வணிகம்’ என வரும்பொழுது அதன் நிறம் மாறிவிடுகிறது. விலை ஏறும் என்று எண்ணிப் பொருளை வாங்கி, பயன்படுத்தாமலே கைமாற்றி ஆதாயம் காணும் செயலை அது குறிக்கிறது. வகுப்பறையில் நற்பண்பாகக் கற்பிக்கப்படும் ஒன்று சந்தையில் ஐயத்துக்குரியதாகி விடுகிறது.

இவ்விரு பொருள்களும் ஒரு சொல்லில் குடியேறிய முறையையும், கெடா மாநிலத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர் தம் அன்றாட வழக்கில் இவற்றை எச்சொற்களால் வழங்கினர் என்பதையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. பிறர் செய்த ஊக வணிகத்தின் விளைவை நேரடியாகத் தாங்கியவர்கள் அத்தோட்டத் தமிழர்கள். அவர்தம் வழக்கில் அச்செயலுக்குப் பெயர் இடம்பெறவில்லை. அதன் விளைவுக்கே பெயர் அமைந்தது. அப்பெயர் ‘துண்டாடல்’. இவ்வேறுபாட்டில் ஒரு வரலாறு அடங்கியுள்ளது.

1. சொல்லும் பொருளும்

‘ஊகம்’ என்னும் வடிவம் தமிழில் ஒன்றுக்கு மேற்பட்ட சொற்களுக்கு உரியது. கருங்குரங்கையும் ஒருவகைப் புல்லையும் குறிக்கும் ஊகம் பழந்தமிழ்ச் சொல். உய்த்துணர்தலைக் குறிக்கும் ஊகம் ‘ஊஹ’ என்னும் வடசொல்லின் வழிவந்தது. பேச்சு வழக்கில் முதலில் யகரம் ஏறி ‘யூகம்’ எனவும் ஒலிக்கிறது. இவ்வடிவங்களைச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி வேறுபடுத்திக் காட்டுகிறது. நம் ஆய்வுக்குரியது உய்த்துணர்தலைக் குறிக்கும் ஊகமே.

இச்சொல் வருவதற்கு முன்பே தமிழில் இக்கருத்து வேரூன்றியிருந்தது. தொல்காப்பிய மரபியல் கூறும் முப்பத்திரண்டு உத்திகளுள் ‘உய்த்துக்கொண்டு உணர்தல்’ ஒன்று. திருக்குறளில் ‘குறிப்பறிதல்’ என்னும் தலைப்பு அரசியலுக்கு ஒருமுறையும் காதலுக்கு ஒருமுறையுமாக இரண்டு அதிகாரங்களுக்கு வழங்கப்பட்டுள்ளது. சைவ சித்தாந்த நூல்கள் அளவைகளைக் காண்டல், கருதல், உரை எனப் பகுத்தன. புகையைக் கண்டு நெருப்பு உண்டு எனத் துணிவது கருதல். இவை யாவும் ஒன்றை வற்புறுத்துகின்றன: காணாததைக் கூறுவோன் கண்டது ஒன்றைக் காட்டியாக வேண்டும்.

ஊகம் என்னும் சொல்லும் தமிழில் நெடுங்காலம் இம்மதிப்புடனேயே வழங்கியது. அமைச்சருக்குரிய கூரிய அறிவு ‘மதியூகம்’ எனப்பட்டது. அதை உடையவர் ‘மதியூகி’. பெருங்கதையில் உதயணனின் அமைச்சன் பெயரே யூகி. அது யௌகந்தராயணன் என்னும் வடமொழிப் பெயரின் தமிழ் வடிவம் என்பர். ஆயினும் சூழ்ச்சித் திறம் மிக்க அமைச்சனுக்கு அப்பெயர் தமிழ்ச் செவியில் மிகப் பொருந்தியதாகவே ஒலித்தது. மதியூகியின் ஊகம் தவறினால் நாடு இழப்பது அவனுடைய அரசன். அவனும் அதே கப்பலில் இருப்பவன். இதனை நினைவிற் கொள்வது பின்வரும் செய்திகளுக்கு உதவும்.

‘ஊக வணிகம்’ என்னும் தொடரோ ‘ஸ்பெகுலேஷன்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு இணையாகப் பிற்காலத்தில் அமைந்தது. அச்சொல்லின் மூலம் காவற்கோபுரத்தைக் குறிக்கும் ‘ஸ்பெகுலா’ என்னும் இலத்தீன் சொல். நம் தினைப்புனத்துப் பரண் போன்றது அது. உயரத்தில் நின்று தொலைவில் வருவதை நோக்குதல். முதலில் ஆழ்ந்த சிந்தனையைக் குறித்த அச்சொல் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வணிகப் பொருளையும் ஏற்றது. 1776இல் வெளிவந்த ஆடம் ஸ்மித்தின் நூலில் இத்தகைய வணிகரைப் பற்றிய பேச்சு உண்டு. இதற்குத் தமிழ் தேடியோர் சிந்தனைப் பொருளுக்கு உரிய ஊகத்தையே வணிகத்துக்கும் எடுத்தாண்டனர். சென்னைச் சந்தை வழக்கில் ‘சட்டா’ என்னும் சொல் இருந்தும் எழுத்து வழக்கில் ஊக வணிகமே நிலைபெற்றது. அதனால் மதியூகியும் ஊக வணிகரும் சொல்லளவில் உறவினர் ஆயினர்.

2. தோட்ட வழக்கில் மதிப்பீட்டுச் சொற்கள்

கெடாவின் வடபகுதி நெல்வயல். தென்பகுதியும் நடுப்பகுதியும் ரப்பர்க்காடு. கூலிம், லூனாஸ், பாடாங் செராய், சுங்கைப் பட்டாணி, பீடோங் என நீளும் வட்டாரமே தமிழர் பெருகிய பகுதி. இங்கு வழங்கிய தமிழில் உறுதியற்ற அறிவைக் குறிக்கப் பல சொற்கள் இருந்தன. அவை ஒன்றற்கொன்று மாற்றாக வழங்குவன போல் தோன்றினும் நுண்ணிய வேறுபாடு உடையவை.

அளக்காமலும் எண்ணாமலும் மொத்தமாகப் பார்த்து ஒரு தொகை சொல்லுவது ‘குத்துமதிப்பு’. பழகிய கண்ணால் எடை, அளவு ஆகியவற்றைக் கூறுவது ‘கண்மதிப்பு’. ‘உத்தேசம்’ என்பதற்கு நோக்கம் என்னும் பொருளும் ஏறத்தாழ என்னும் பொருளும் உண்டு, “உத்தேசமா எத்தன பேரு?” என்னும் வினா சரியான எண்ணை எதிர்பார்ப்பதில்லை. ‘தோராயம்’ கணக்கேட்டுக்கு நெருங்கியது. கிராணிமார் வாயில் மிகுதியும் வழங்கியது. மலாய் மொழியின் ‘அகாக்-அகாக்’ என்பதும் பலர் பேச்சில் கலந்தது. அடிப்படை எதுவும் இல்லாமல் சொல்வது ‘குருட்டாம்போக்கு’. ‘யூகம்’ இவற்றுள் சற்று உயர்ந்த வழக்கு. ஒருவர் நடத்தையிலிருந்து அவர் மனத்தை அறிந்துகொண்டதைக் கூறும்பொழுதே அது வரும்: “அவங்க பேச்சுலயே யூகிச்சுக்கிட்டேன்.”

இச்சொற்கள் வெறும் பேச்சலங்காரம் அல்ல. தோட்டத் தொழில் இவற்றின்மேல் நடந்தது. விடியுமுன் பெரட்டுக் களத்தில் நிற்கும் தொழிலாளி வானத்தைப் பார்த்து அன்று வேலை உண்டா என ஊகித்தாக வேண்டும். மரப்பட்டை நனைந்திருந்தால் பால் வெட்ட இயலாது. மங்குகளில் சேர்ந்த பாலைக் கண்டு அன்றைய எடையை அவர் மதிப்பிடுவார். ஆனால் பாலில் நீர் எவ்வளவு, உலர் ரப்பர் எவ்வளவு என்பதை ஸ்டோரில் மெட்ரோலாக் என்னும் கருவி முடிவு செய்யும். தொழிலாளியின் கண்மதிப்புக்கும் கருவியின் அளவுக்கும் இடையே எழுந்த மனத்தாங்கல் தோட்ட வாழ்வின் நாள்தோறும் நிகழ்ச்சி. ஒட்டுப்பாலைக் கையில் எடுத்து அமுக்கிப் பார்த்து விலை சொல்லும் பட்டணத்து ரப்பர்க் கடைக்காரரிடமும் சிறு தோட்டக்காரர்கள் இதே நிலையில் நின்றனர். யாருடைய மதிப்பீடு செல்லும் என்பதே அங்கு உண்மையான வினா.

சூதின்பாற்பட்ட கணிப்புக்கு வேறு சொல் இருந்தது. கனவைக் கண்டு எண் தேடுவது ‘நம்பர்’. இன்றைய நான்கிலக்கக் குலுக்கலின் மூலம் 1951ஆம் ஆண்டளவில் கெடாவில் தோன்றியது எனப் பரவலாகக் கூறப்படுகிறது. நம்பர் பார்ப்பவர் அதனை யூகம் என்று சொல்வதில்லை. அதிர்ஷ்டம் என்றே சொல்வார். அறிவால் துணிவதையும் வாய்ப்பை நம்புவதையும் தோட்டத் தமிழ் குழப்பிக்கொள்ளவில்லை என்பது இதனாற் பெறப்படும்.

3. தொலைவிலிருந்து வந்த விலை

1909ஆம் ஆண்டு பேங்காக் உடன்படிக்கையால் கெடா சயாமின் மேலாட்சியிலிருந்து பிரிட்டிஷ் மேலாட்சிக்கு மாறியது. மறு ஆண்டே ரப்பர் விலை வரலாறு காணாத உயரத்தைத் தொட்டது. 1910 ஏப்ரலில் இலண்டனில் ஒரு பவுண்டு ரப்பர் 12 சில்லிங்குக்கும் மேல் விலைபோனது. புதிய தோட்ட நிறுவனங்கள் இலண்டனில் இரண்டு சில்லிங் முகமதிப்புள்ள பங்குகளை வெளியிட்டன. எளியோரும் வாங்கக்கூடிய தொகை அது. ரப்பர் மரம் பால் தர ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். ஆகவே பங்கு வாங்கியோர் பலர் விலைக்கு வாங்கியது இன்னும் பால் சுரக்காத மரத்தின் வருங்காலத்தை. தினைப்புனத்தைக் காணாமலே பரண்மேல் ஏறியவர்கள் அவர்கள் எனலாம்.

விலை ஏற்றம் நிலைக்கவில்லை. முதல் உலகப்போருக்குப் பிந்திய வீழ்ச்சியைத் தடுக்க 1922இல் ஸ்டீவன்சன் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது; 1925இல் விலை மீண்டும் நான்கு சில்லிங்குக்கு மேல் சென்றது; 1928இல் திட்டம் கைவிடப்பட்டது. 1932இல் ஒரு பவுண்டின் விலை இரண்டு பென்சுக்கும் கீழே இறங்கியது. தென்னிந்தியாவிலிருந்து உதவி பெற்ற ஆள்சேர்ப்பு 1930இல் நிறுத்தப்பட்டது. ஊதியம் குறைக்கப்பட்டது, ஆயிரக்கணக்கானோர் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பப்பட்டனர். 1934இல் பன்னாட்டு ரப்பர் ஒழுங்குமுறை உடன்படிக்கை ஏற்பட்ட பின்னரே ஓரளவு நிலைமை சீரானது.

இவ்வேற்ற இறக்கங்களைத் தொழிலாளர் ‘வெல ஏறிருச்சு’, ‘வெல எறங்கிருச்சு’ என்றே கூறினர். மழை பெய்தது, வெயில் அடித்தது என்பது போன்ற கூற்று அது. ஏற்றியவர் யார், இறக்கியவர் யார் என்னும் வினாவுக்கு அச்சொற்றொடரில் இடமில்லை.

கொரியப் போர்க்காலத்தில் இவ்விலை தொழிலாளரின் சட்டைப் பைக்குள்ளேயே வந்துவிட்டது. மலாயாவில் 1949இல் ஒரு பவுண்டுக்கு ஏறத்தாழ 38 காசாக இருந்த ஆண்டுச் சராசரி விலை 1950இல் 108 காசாகவும் 1951இல் ஏறத்தாழ 170 காசாகவும் உயர்ந்தது. 1953இல் 67 காசாக வீழ்ந்தது. 1950களின் தொடக்கத்திலிருந்து பால்வெட்டுத் தொழிலாளரின் ஊதியம் ரப்பர் விலையோடு இணைக்கப்பட்டது. இதன் பின்னர் நாளிதழிலும் வானொலியிலும் வரும் ரப்பர் விலை லயத்து வாசலிலும் பேசுபொருள் ஆனது. அடுத்த காலாண்டில் கூலி ஏறுமா என்பதைத் தொழிலாளரும் ஊகிக்கத் தொடங்கினர். ஆனால் அவர் ஊகம் விலையை அசைக்க வல்லதன்று. விலைதான் அவர் அடுப்பை அசைத்தது.

4. துண்டாடல்

1950களில் ஊகத்தின் பொருள் ரப்பரிலிருந்து நிலத்துக்குப் பெயர்ந்தது. 1948இல் தொடங்கிய அவசரகாலம், 1957இல் வரவிருந்த விடுதலை, முதுமையடைந்த மரங்கள், மறுநடவுக்கு ஆகும் செலவு ஆகியன ஐரோப்பிய உரிமையாளர் பலரைத் தோட்டங்களை விற்கத் தூண்டின. மறுநடவு செய்தால் ஐந்தாறு ஆண்டுகள் வருவாய் இல்லை. நாடு எவ்வழிச் செல்லும் என்னும் ஐயமும் அவர்களுக்கு இருந்தது. ஆகவே விற்பதும் ஓர் ஊகமே.

வாங்கியோர் பெரும்பாலும் கூட்டாகச் சேர்ந்த வணிகர்கள். அவர்கள் செயல்முறை எளிது. தோட்டம் முழுவதற்கும் விலை பேசி முன்பணம் கொடுப்பர். முழுத்தொகை செலுத்தவேண்டிய நாள் வருமுன் தோட்டத்தைச் சிறு சிறு துண்டுகளாக்கி, ஏக்கர் ஒன்றுக்குத் தாம் பேசியதைவிட மிகுந்த விலைக்கு விற்றுவிடுவர். மொத்த விலைக்கும் சில்லறை விலைக்கும் உள்ள இடைவெளியே ஆதாயம். துண்டுகளை வாங்கியோருள் பட்டணத்து வணிகர் மிகுதி. அவர்களுட் பலர் நிலத்தில் குடியிருக்க வந்தவர்கள் அல்லர். சிலர் மரத்திலிருந்து விரைவில் பணம் காண எண்ணி, மரம் சாகும் அளவுக்குப் பட்டையைச் சீவச் செய்தனர்.

ஒரு தோட்டம் என்பது மரங்கள் மட்டும் அன்று. லயம், தண்ணீர்க் குழாய், மருந்தகம், பிள்ளைக் கொட்டகை, தமிழ்ப்பள்ளி, கோயில், இடுகாடு ஆகிய அனைத்தும் தோட்டம் ஒரே நிருவாகத்தின்கீழ் இருந்ததால் நிலைத்தவை. நிலம் துண்டானபொழுது இவற்றைப் பேணும் கடமை எவருக்கும் இல்லாமற் போனது. ஐந்து ஏக்கர் வாங்கியவர் மருந்தகம் நடத்த மாட்டார். வேலை இழந்தோர் வீட்டையும் உடன் இழந்தனர். வேலை கிடைத்தோரும் குத்தகையாளரிடம் குறைந்த கூலிக்கு, சங்க உடன்பாட்டின் பாதுகாப்பு இன்றி உழைத்தனர். தோட்டத்து நிலத்தில் நின்ற தமிழ்ப்பள்ளிகளுக்கோ தம் நிலத்தின்மீது உரிமை இல்லை. அந்நிலை உண்டாக்கிய சிக்கல்கள் இன்றும் முற்றாகத் தீரவில்லை என்பதைத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் நன்கறிவர்.

மலாயாப் பல்கலைக்கழகப் பொருளாதாரத் துறையில் உங்கு அப்துல் அஜீஸ் 1951 முதல் 1960 வரையிலான தோட்டப் பிரிவினையை விரிவாக ஆராய்ந்து அறிக்கை அளித்தார். நாடாளுமன்றத்திலும் தொழிற்சங்க மேடையிலும் தமிழ் நாளிதழ்களிலும் இச்சிக்கல் பேசப்பட்டது. அவ்விவாதங்களின் வழியே ‘தோட்டத் துண்டாடல்’ மலேசியத் தமிழின் நிலையான கலைச்சொல் ஆயிற்று.

இச்சொல்லின் அமைப்பு நோக்கத்தக்கது. ஆங்கில அறிக்கைகளில் வழங்கிய சொல்லுக்கு நேர்ப்பொருள் ‘உட்பிரிவு செய்தல்’. நில அளவை அலுவலகத்தின் மொழி அது. துண்டாடல் அவ்வாறு நடுநின்று பேசுவதில்லை. உடலைத் துண்டாடுதல், நாட்டைத் துண்டாடுதல் என வன்செயலுக்கு வழங்கும் வினை அது. முழுமையாய் உயிர்த்திருந்த ஒன்று வெட்டுண்டது என்னும் உணர்வு சொல்லிலேயே ஏறியிருக்கிறது. பேச்சு வழக்கில் இது “தோட்டத்தத் துண்டு போட்டுட்டாங்க” என வந்தது. இத்தொடரின் எழுவாய் யாது? இலக்கணம் இதனைத் தோன்றா எழுவாய் என்னும். வினைமுற்றின் விகுதி ‘அவர்கள்’ என ஒரு பன்மையைக் காட்டுகிறது. அவர் எவர் என்பதைக் காட்டுவதில்லை. விற்றவர் இலண்டனில் இருந்தார். இடையில் நின்றவர் பட்டணத்தில் இருந்தார். வாங்கியவர் வந்து பார்க்கவில்லை. ஊக வணிகர் தோட்டத் தமிழரின் இலக்கணத்திலும் வாழ்விலும் தோன்றா எழுவாயாகவே நின்றார்.

5. பங்கு என்னும் மறுமொழி

துண்டாடலுக்கு எதிராக எழுந்த முயற்சிகளுள் தலையாயது தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். அமைச்சராகவும் மலாயா இந்தியர் காங்கிரசின் தலைவராகவும் இருந்த வீ. தி. சம்பந்தன் 1960இல் இதனைத் தோற்றுவித்தார். தோட்டந்தோட்டமாகச் சென்று, பத்துப் பத்து வெள்ளியாகத் தொழிலாளரிடம் பணம் திரட்டப்பட்டது. அச்சங்கம் முதன்முதலில் வாங்கிய தோட்டம் கெடாவில் உள்ள புக்கிட் சீடிம். ஊகத்தின் விளைவைத் தாங்கிய மாநிலத்திலேயே அதற்கான மறுமொழியும் முதலில் வேர்கொண்டது.

இங்கும் ஒரு சொல் நம் கவனத்துக்குரியது. இலண்டனில் இரண்டு சில்லிங்குக்கு விற்ற தாளுக்கும் தமிழில் ‘பங்கு’ என்றே பெயர். கூட்டுறவுச் சங்கத்தில் தொழிலாளர் பெற்றதற்கும் ‘பங்கு’ என்றே பெயர். முன்னது கைமாற்றுவதற்காக வாங்கப்பட்டது. பின்னது தன்னோடு வைத்துக்கொள்வதற்காக வாங்கப்பட்டது. தமிழில் பங்கு என்பது பங்காளி, பங்கிடுதல் ஆகிய சொற்களோடு உறவுடையது. இன்பத்திலும் துன்பத்திலும் உடனிருப்போன் பெறுவது. தொழிலாளர் அப்பழைய பொருளிலேயே அதனைப் புரிந்துகொண்டனர் என்று கொள்வது பொருந்தும். தோட்டம் துண்டாகாமல் இருக்கவும், லயமும் பள்ளியும் கோயிலும் நிலைக்கவுமே அவர் பணம் கொடுத்தார். எல்லாத் தோட்டங்களையும் இச்சங்கத்தால் காக்க முடியவில்லை என்பது உண்மையே. எனினும் தோன்றா எழுவாயாக இருந்த உரிமையாளர் இடத்தில் தொழிலாளரே எழுவாயாக முடியும் என்பதை அது காட்டியது.

அரசு சட்டத்தின் வழித் தலையிட்டது சற்றுக் காலம் கடந்தே. தேசிய நிலச் சட்டத்தில் 1972இல் சேர்க்கப்பட்ட 214ஏ பிரிவு, 40 எக்டருக்குக் குறையாத தோட்ட நிலங்களை விற்கவும் பிரிக்கவும் தோட்ட நில வாரியத்தின் ஒப்புதலைக் கட்டாயமாக்கியது. அதற்குள் துண்டாடலின் பேரலை ஓய்ந்திருந்தது. பின்னர் ரப்பர் இருந்த இடத்தில் செம்பனையும், கூலிம், சுங்கைப் பட்டாணி நகரங்களின் விளிம்பில் தொழிற்பேட்டைகளும் வீடமைப்புப் பகுதிகளும் எழுந்தன. 1996இல் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. நிலத்தின் மதிப்பு இனி மரத்தைக் கொண்டு கணிக்கப்படவில்லை. எதிர்காலச் சாலையையும் கட்டடத்தையும் கொண்டு கணிக்கப்பட்டது. 1910இல் வளராத மரத்துக்கு விலை வைத்த அதே ஊகம் இப்பொழுது எழாத கட்டடத்துக்கு விலை வைத்தது.

முடிவுரை

மேற்கண்ட செய்திகளிலிருந்து சில கருத்துகளைத் தொகுத்துக் கூறலாம். தமிழ் மரபில் ஊகம் சான்றோடு கூடிய அறிவு; மதியூகி என்னும் சொல் அதற்குச் சான்று. ஊக வணிகம் பிற்காலத்து மொழிபெயர்ப்பு. மரபுப் பொருளின் மதிப்பை அது கடனாகப் பெற்றுக்கொண்டது. தோட்டத் தமிழர் குத்துமதிப்பு, கண்மதிப்பு, உத்தேசம், யூகம் என அறிவின் படிநிலைகளை நுட்பமாகப் பகுத்து வழங்கினர். தம் வாழ்வைப் புரட்டிய வணிகச் செயலுக்கு அவர்களிடம் பெயர் இல்லாமற் போனது சொல்வளக் குறைவால் அன்று. அச்செயல் அவர் கண்ணுக்கு எட்டாத இடத்தில் நடந்தமையால். கண்ணுக்கு எட்டிய பகுதிக்குத் துண்டாடல் என்னும் வலிய பெயரை அவர்கள் வழங்கினர்.

ஊகம், ஊக வணிகம் இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு உறுதி இன்மையில் இல்லை. இரண்டிலும் உறுதி இல்லை. தவறினால் இழப்பு யாருக்கு என்பதிலேயே வேறுபாடு உள்ளது. மழை வாராது என ஊகித்த தொழிலாளி தவறினால் அவர் ஒருநாட் கூலியை இழப்பார். தோட்டத்தைக் காணாமல் வாங்கி விற்றவரின் கணிப்பு பலித்தாலும் தவறினாலும் வீட்டை இழந்தவர் லயத்துக் குடும்பத்தினரே.

நம் வகுப்பறைகளில் ஊகித்தல் ஒரு திறனாகக் கற்பிக்கப்படும்பொழுது, ‘எதைக் கண்டு ஊகித்தாய்?’ என்று ஆசிரியர் கேட்கிறார். அது சரியான வினா. தோட்டத்திலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அதனோடு இரண்டாவது வினாவையும் கற்பிக்கலாம்: ‘உன் ஊகம் தவறினால் இழப்பவர் யார்?’ அவ்வினாவுக்கு விடை தேடும் மாணவன் தன் பாட்டனார் பேச்சில் மறைந்திருந்த எழுவாயைக் கண்டுகொள்வான். துண்டாடல் என்னும் சொல் அகராதியில் ஒரு பதிவாக மட்டும் எஞ்சாமல், அவனுக்கு விளங்கும் வரலாறாக நிலைக்கவும் அதுவே வழி.